பாட்டி சொல்லைத் தட்டிக் கேட்பது

1

தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ரெண்டு கெழவிகள் உண்டு. ஒருத்தி ஔவை. இன்னொருத்தி வடை சுட்டு வித்தவள். ஒருத்தி நீதி சொன்னாள். இன்னொருத்தி காக்காயிடம் வடையைப் பறிகொடுத்தாள். இந்த ரெண்டு பேரையும் மனப்பாடம் பண்ணித்தான் நாமெல்லாம் ஒண்ணாவது வகுப்பைத் தாண்டினோம். அடுத்தவன் கழனியில் முதுகு ஒடியக் களையெடுத்த கெழவி, ஊர்த்தெரு வீடுகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போய்க் கொல்லைப்புறத்தில் கூழ் வாங்கிக் குடித்த கெழவி, செத்த மாட்டுக் கறியை உப்புக்கண்டம் போட்டு அடைமழைக் காலத்துக்குப் பத்திரப்படுத்திய கெழவி, இவர்களில் ஒருத்திகூட அந்தப் புத்தகத்துக்குள் நுழையவில்லை. நுழைய விடவில்லை என்பதுதான் சரி.

'பெரியவர்கள் அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்' என்ற உபதேசம் எல்லா மேடையிலும் ஒலிக்கிறது. எந்தப் பெரியவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. வார இதழ்களில் பாட்டி வைத்தியம் வருகிறது, பாட்டி சமையல் வருகிறது. 1988இல் 'பாட்டி சொல்லைத் தட்டாதே' என்று ஒரு சினிமாவே வந்தது. இந்தப் பாட்டிகளுக்கெல்லாம் ஊர்த்தெருவில் திண்ணை வைத்த வீடு இருக்கும். சேரிக் கெழவி எப்போதாவது கதைக்குள் வந்தால் பேயோட்ட வருவாள், குறி சொல்ல வருவாள், இல்லையென்றால் வாசலில் நின்று பழஞ்சோறு கேட்பாள். அறிவு என்ற சொல் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை.

தலித் எழுத்து வந்தபின் இது மாறியிருக்கிறதா? மாறியிருக்கிறது. ஆனால் மாறிய விதத்தில் சில சிக்கல்கள் இருக்கின்றன. வயதான தலித் பெண்களின் வாழ்க்கைக் கதைகளை நாம் எப்படிக் கேட்கிறோம், எப்படி எழுதுகிறோம், எழுதியதை எப்படி வாசிக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. இதை மூன்று நான்கு நூல்களை முன்வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

2

முதலில் நம்முடையதல்லாத ஒரு பாட்டியிலிருந்து தொடங்குவோம். மைதிலி சிவராமன் தன் பாட்டி சுப்புலட்சுமியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2006இல் வந்தது. கீழவெண்மணிக்கு நேரில் போய் எழுதியவர் மைதிலி. வாழ்நாள் முழுக்க உழைக்கும் மக்களோடு நின்றவர். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. அந்த நூலும் நல்ல நூல். பார்ப்பன வீட்டுக்குள் படிக்கவும் வெளியே போகவும் ஏங்கிய ஒரு பெண்ணின் மூச்சுத்திணறல் அதில் தெரிகிறது.

ஆனால் அந்த நூல் எப்படிச் சாத்தியமானது என்று பாருங்கள். பாட்டி நாட்குறிப்பு எழுதியிருக்கிறாள். கடிதங்கள் இருக்கின்றன. பேத்தி அவற்றை எடுத்துப் படித்து ஒரு வாழ்க்கையைக் கட்டி எழுப்புகிறாள். அந்த வீட்டில் பெண் ஒடுக்கப்பட்டாள், உண்மை. ஒடுக்கப்பட்டவள் கையில் காகிதமும் பேனாவும் இருந்தது, அதுவும் உண்மை.

நம்ம ஆயாவுக்கு என்ன காகிதம் இருந்தது? பண்ணை வீட்டுக் கடன் பத்திரத்தில் வைத்த கைநாட்டு. பிறகு, கணக்கெடுக்க வந்தவர் குத்துமதிப்பாக ஒரு வயசைப் போட்டுக் கொடுத்த ரேசன் கார்டு. அவள் வாழ்ந்ததற்கு அரசாங்கத்திடமும் ஆண்டையிடமும் இருக்கிற ஆதாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அவள் வாயில் இருக்கிறது. அவள் வாய் மூடினால் ஒரு நூலகம் எரிந்ததற்குச் சமம் என்று சிலர் உருக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அந்த உவமை பிடிக்கவில்லை. நூலகத்துக்குள் போனால் புத்தகம் திருப்பிக் கேள்வி கேட்காது. கெழவி கேட்பாள். 'இத்தினி நாளு எங்கடா போயிருந்தே, இப்ப எதுக்கு டேப்பத் தூக்கிக்கினு வந்தே' என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் நாம் அவள் முன்னால் உட்கார வேண்டும்.

3

பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்தது. 'கருக்கு' (1992) வந்த சூட்டோடு வந்ததால் அதையும் தன்வரலாறு என்றே பலர் வாசித்தார்கள். தன்வரலாறு என்றால் ஒருத்தியின் கதை. சங்கதியில் ஒருத்தி இல்லை. ஒரு தெருவே பேசுகிறது. குளத்தங்கரையில், களத்துமேட்டில், பேறுகாலத்தில், பஞ்சாயத்தில், சாவு வீட்டில் பெண்கள் பேசிக்கொள்கிற பேச்சுதான் நூலின் உடம்பு. அந்தப் பேச்சுக்கு நடுவில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறாள், வெள்ளையம்மா கிழவி.

அவள் புருசன் கங்காணி பின்னால் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், திரும்பி வரவேயில்லை. பஞ்சத்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்தத் தாலியைக் கழற்றி விற்றுவிடுகிறாள். அதற்குப் பிறகு அவள் கழுத்தில் எதுவும் ஏறவில்லை. இந்தச் சங்கதியை நூல் பெரிய நாடகமாக்காமல் சொல்லிவிட்டுப் போகிறது. தமிழ்ச் சினிமாவில் தாலியைக் கழற்றுவதற்கு எத்தனை ரீல் ஓடும், எத்தனை மணி அடிக்கும்! இங்கே பசிக்கு முன்னால் தாலி ஒரு குண்டுமணித் தங்கம், அவ்வளவுதான். பெண்ணியம் படிக்கிற மாணவிகள் தாலி மறுப்பைப் பற்றிப் புத்தகங்களில் தேடுகிறார்கள். அதற்கு நூறு வருசத்துக்கு முந்தைய விடை சேரியில் இருந்திருக்கிறது. ஆனால் அதைக் கொள்கையாக அவள் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் செய்தாள். செய்தபின் அதற்காக அழுதுகொண்டு உட்காரவும் இல்லை. இதில் எது விடுதலை, எது நிர்ப்பந்தம் என்று பிரித்துப் பார்க்கிற வேலை வாசகருக்கு இருக்கிறது.

இதே பாட்டிதான் பேரனுக்கு ஒரு கண்ணும் பேத்திக்கு ஒரு கண்ணும் வைத்துப் பார்க்கிறாள். சோற்றிலும் விளையாட்டிலும் வேலையிலும் பொம்பளைப் பிள்ளைக்கு அடுத்த இடம்தான். இதே பாட்டிதான் மாரியம்மா கதையைச் சொல்கிறாள். பம்புசெட்டில் தண்ணி குடிக்கப் போன மாரியம்மாவை நிலக்காரன் இழுக்கிறான். தப்பி ஓடிவருகிறாள். நிலக்காரன் முந்திக்கொண்டு நாட்டாமையிடம் போய் அவள் மேலேயே பழி போடுகிறான். பஞ்சாயத்து கூடுகிறது. அவளுக்கு 200 ரூபாய் அபராதம், அவளோடு சேர்த்துச் சொல்லப்பட்ட மாணிக்கத்துக்கு 100 ரூபாய். தப்பு செய்தவனுக்கு ஒன்றுமில்லை. உண்மை தெரிந்த பெண்கள் வாய் திறந்தால் ஆம்பளைகள் அதட்டி உட்கார வைக்கிறார்கள். நம்ம சாதி ஆம்பளைகள்.

இந்த இடத்தில்தான் நூலின் முக்கியமான காரியம் நடக்கிறது. கதை சொல்லும் பெண் பாட்டி சொன்னதைக் கேட்டுத் தலையாட்டவில்லை. ஏன், எதுக்கு, அது எப்படி நியாயம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பாட்டிக்குச் சில சமயம் பதில் இருக்கிறது, சில சமயம் இல்லை. பேய் பிடிப்பதைப் பற்றிப் பாட்டி ஒன்று நம்புகிறாள். பேத்தி வளர்ந்தபின் யோசிக்கிறாள். பேய் ஏன் நம்ம பொம்பளைகளையே பிடிக்கிறது, ஆம்பளையை ஏன் பிடிக்க மாட்டேன் என்கிறது? உழைப்பும் அடியும் உதையும் பயமும் சேர்ந்து அழுத்துவதுதான் பேயாக வெளியே வருகிறது என்ற இடத்துக்கு அவள் வந்து சேர்கிறாள். பாட்டி கொடுத்த கதை இல்லாவிட்டால் பேத்திக்கு இந்த யோசனைக்கு முதலே கிடையாது. பாட்டியின் விளக்கத்தை அப்படியே ஏற்றிருந்தால் அந்த முதலும் வீணாகியிருக்கும்.

கற்றுக்கொள்வது என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பாட்டி சொல்லைத் தட்டிக் கழிப்பது வேறு. தட்டிக் கேட்பது வேறு. பானை வாங்கும்போது தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

4

அடுத்து வீரம்மா. பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் கரணி என்ற ஊரில் கூலி வேலை செய்தவர், பிள்ளைப்பேறு பார்த்தவர், ஒப்பாரிக்குப் பேர் போனவர். பாண்டிச்சேரியில் பிறந்த இசை ஆய்வாளர் ஜோசியான் ரசீன் பாட்டுப் பதிவு செய்யப் போய், பாட்டைத் தாண்டி ஒரு வாழ்க்கையையே கேட்டார். சுமார் பத்து வருசம் கேட்டார். ஜோசியானும் ஜான்-லுக் ரசீனும் தொகுத்த அந்த நூல் 1995இல் பிரெஞ்சில் வந்தது, 1997இல் ஆங்கிலத்தில் வந்தது. பிரெஞ்சுத் தலைப்பில் 'அடிமைப்பட்டோரின் சிரிப்பு' என்று ஒரு துணைத்தலைப்பு உண்டு. வீரம்மா பேசியது நம்ம தமிழ். நான் அதைப் படித்தது ஆங்கிலத்தில். வட தமிழ்நாட்டுச் சேரித் தமிழில் சொன்ன ஒரு வாழ்க்கை பாரிசுக்குப் போய், லண்டன் வழியாக எனக்கு வந்து சேர்ந்தது. நம்ம கெழவி பேச்சுக்கு நம்ம பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதற்கு இதுவே போதுமான விமர்சனம்.

ஒரு விசயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நூலின் அட்டையில் வீரம்மா பெயர் ஆசிரியர் பெயராக முதலில் இருக்கிறது. நம்ம நாட்டார் பாடல் தொகுப்புகள் பலவற்றை எடுத்துப் பாருங்கள். சேகரித்தவர் பெயர் இருக்கும். இடம் இருக்கும். பாடியவள் பெயர் இருக்காது. நடவு நட்டுக்கொண்டே பாடினவளுக்கு அன்றைக்கு எவ்வளவு கூலி கிடைத்தது என்பது இருக்கவே இருக்காது. பாட்டை அறுத்து எடுத்துக்கொண்டு பாடினவளை வயலிலேயே விட்டுவிட்டு வந்த ஆராய்ச்சி அது. அந்தக் கணக்கில் வீரம்மா நூல் ஒரு படி மேல்.

இன்னொரு விசயம் உறுத்துகிறது. நூலில் கேள்விகள் இல்லை. பத்து வருசமாகக் கேட்ட கேள்விகள் எல்லாம் எடுக்கப்பட்டு, வீரம்மா தானாகவே ஒரே ஓட்டமாகத் தன் கதையைச் சொல்வதுபோல அமைந்திருக்கிறது. வாசிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் படித்த, வெளியிலிருந்து வந்த பெண்ணிடம் ஒரு கூலிக்காரப் பெண் எதைச் சொல்வாள், எதை மறைப்பாள், எதைக் கூட்டிச் சொல்லிச் சிரிப்பாள்? கேள்வி தெரிந்தால்தான் பதிலின் எடை தெரியும். ஆண்டையிடம் பேசும்போது ஒரு வாயும், அக்கம்பக்கத்துப் பெண்களிடம் பேசும்போது ஒரு வாயும் வைத்துக்கொண்டு பிழைத்தவள் அவள். அந்த ரெண்டு வாயில் எந்த வாயால் இதைச் சொன்னாள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

வீரம்மாவைப் படிக்கிற நம்ம இளைஞர்களுக்கு ஒரு சங்கடம் வருகிறது. அவள் ரெட்டியார் வீட்டை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டாள். நம்ம தலையெழுத்து, நம்ம பொறப்பு இப்படி என்கிறாள். மகன் தலைமுறை கட்சி பேசுகிறது, உரிமை பேசுகிறது. அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது. 'இதென்ன அடிமைப் புத்தி, இதிலிருந்து என்ன கத்துக்கிறது' என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பாட்டியைச் சாமியாக்குகிற ஆட்களைவிட இப்படிக் கோபப்படுகிறவர் மேல்.

ஆனால் கோபம் பாதியில் நின்றுவிடக் கூடாது. பன்னிரண்டு பிள்ளை பெற்று மூன்றே மூன்று தங்கிய பெண் அவள். கழனி அவர்களுடையது, கடன் அவர்களுடையது, ராத்திரி அவசரத்துக்குக் கைநீட்டினால் நாலு படி நெல் கொடுக்கிற குதிரும் அவர்களுடையது. அந்த இடத்தில் நின்றுகொண்டு 'எதிர்த்துப் பேசாதே' என்று பிள்ளைக்குச் சொல்வதை அடிமைப் புத்தி என்று மட்டும் வாசித்தால் போதாது. அடுத்த வேளைக் கஞ்சிக்கு அவள் போட்ட கணக்கு அது. கணக்கு சரியா தப்பா என்று நாம் விவாதிக்கலாம். ஆனால் அவளுக்குக் கணக்கே தெரியாது என்று நினைக்கக் கூடாது. அதே வாயால்தான் அவள் ஆண்டைகளைப் பற்றி, ஆம்பளைகளைப் பற்றி, சாமிகளைப் பற்றிக்கூடக் கெட்ட வார்த்தை சேர்த்துச் சிரிக்கிறாள். அடங்கிப்போன மனசிலிருந்து அப்படிச் சிரிப்பு வராது.

ஒப்பாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கூலிக்கு மாரடிக்கிறது' என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. மனசில்லாமல் கடமைக்குச் செய்கிறவனைத் திட்டச் சொல்வது. எந்த மேடைத் தமிழறிஞரும் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிற வழக்கு. யார் கூலிக்கு மாரடித்தது? ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் சேரிப் பெண்கள் போய் அழவேண்டும் என்பது பல ஊர்களில் கட்டாயமாக இருந்தது. போகாவிட்டால் மறுநாள் வேலை கிடையாது. அழவைத்தவனை விட்டுவிட்டு அழுதவளைக் கேலி செய்கிறது மொழி. அந்த ஆண்டை வீட்டு வாசலில் உட்கார்ந்து அழும்போது அவள் தன் செத்துப்போன பிள்ளைகளை நினைத்துக்கூட அழுதிருக்கலாம் என்பது அந்தத் தமிழறிஞருக்குத் தோன்றவே தோன்றாது. நம்ம வீட்டுப் பெரிய பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்தவர் சாவில் தன் துக்கத்தை அழுது தீர்க்கிற வித்தையை ஒப்பாரி பாடுகிற பெண்கள் நன்றாகவே அறிவார்கள்.

5

மராத்தியில் பேபி காம்ப்ளேயின் 'ஜினா ஆமுச்சா' 1980களில் வெளிவந்தது. 1929இல் பிறந்த மகர் பெண். பல்டன் ஊரில் சின்னக் கடை வைத்திருந்தவர். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எழுதி, எழுதியதைப் புருசனுக்கும் மகனுக்கும் தெரியாமல் இருபது வருசம் ஒளித்து வைத்திருந்தவர். அம்பேத்கர் இயக்கத்துக் குடும்பம் அது. இயக்கத்து ஆம்பளைக்குத் தெரியாமல்தான் இயக்கத்துப் பெண் எழுத வேண்டியிருந்தது. இதை நாம் கடந்து போய்விடக் கூடாது.

பேபி காம்ப்ளே நமக்குக் கற்றுத்தருவது கண் கூசாமல் பார்ப்பதை. மகர்வாடாவின் பசியையும் தீண்டாமையையும் சொல்கிற அதே கையால் வீட்டுக்குள் நடந்த கொடுமையையும் எழுதுகிறார். எட்டு ஒன்பது வயசில் கட்டிக்கொண்டு வந்த மருமகளை மாமியார் படுத்திய பாடு, ஓடிப்போக முயன்றவள் காலில் கட்டை மாட்டியது, மகனைத் தூண்டிவிட்டு மருமகள் மூக்கை அறுத்தது எல்லாம் அந்நூலில் இருக்கிறது. தனக்குக் கீழே அடிக்க வேறு ஆள் இல்லாதவள் மருமகளை அடித்தாள் என்கிற அளவில் அதன் காரணமும் புரிகிறது. 'மூத்த பெண்களின் ஞானம்' என்று தேன் தடவிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுப் பேச வேண்டும். அந்த மாமியாரும் மூத்த பெண்தான். அவளுக்கும் ஒரு வாழ்க்கைக் கதை இருக்கிறது. அவளிடமும் கற்றுக்கொள்ள இருக்கிறது. என்ன செய்யக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள இருக்கிறது.

இதே மராத்தியில் ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் சேர்ந்து 1989இல் ஒரு நூல் கொண்டுவந்தார்கள். 'நாங்களும் வரலாறு படைத்தோம்' என்பது தலைப்பின் பொருள். அம்பேத்கர் இயக்கத்தில் பங்கெடுத்த பெண்களை, அவர்கள் கெழவிகளான பிறகு தேடிப் போய்ப் பேட்டி கண்ட நூல். மகாத் குளத்துக்குப் போனவர்கள், நாசிக் கோயில் நுழைவில் நின்றவர்கள், 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய தாழ்த்தப்பட்ட பெண்கள் மாநாடு இவையெல்லாம் தலைவர்களின் வரலாற்றில் ஒரு வரி. 'பெண்களும் திரளாகக் கலந்துகொண்டனர்' என்ற அந்த ஒரு வரி. அந்த வரிக்குள் இருந்தவர்களுக்குப் பெயரும் முகமும் பேச்சும் இந்த நூலில்தான் கிடைத்தது.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு நூலுக்கு எவ்வளவு வேலை கிடக்கிறது! நம்ம இயக்க வரலாறுகளில் மாநாட்டுத் தீர்மானங்கள் இருக்கின்றன, தலைவர்களின் படங்கள் இருக்கின்றன. மாநாட்டுக்கு வந்தவர்களுக்குச் சோறாக்கியது யார், தலைமறைவாக இருந்தவருக்குப் பானைக்குள் கஞ்சி மறைத்துக் கொண்டுபோனது யார், போலீஸ் வந்தபோது வீட்டு வாசலில் மறித்து நின்று வாங்கின அடி எத்தனை? 'திரளாகக் கலந்துகொண்டனர்'.

6

இது இலக்கியப் பிரச்சினை மட்டுமில்லை. கெழவியின் பேச்சு சாட்சியமா, வெறும் கதையா என்ற கேள்வியில் நம்ம நிலமும் உயிரும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

1968 டிசம்பர் 25. கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கீழ்க்கோர்ட் தண்டித்த நிலக்காரர்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்றது. கூலிக்காரன் சொல்லுக்கும் கார்க்காரன் மதிப்புக்கும் நடந்த வழக்கில் மதிப்பு ஜெயித்தது. சொல் தோற்றது.

1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் ஒரு பழங்குடி ஊருக்குள் புகுந்து சூறையாடியது. 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளானார்கள். அரசாங்கம் இல்லை என்றது. அதிகாரிகள் இல்லை என்றார்கள். அந்தப் பெண்கள் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. 2011இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த குற்றவாளிகள் 215 பேரையும் தண்டித்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தோரு வருசம். அன்றைக்குக் குமரிகளாக இருந்தவர்கள் தலை நரைக்கும்வரை அதே உண்மையைச் சொல்லிச் சொல்லி ஜெயித்தார்கள். அவர்களோடு மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் நின்றது. வெண்மணியில் தோற்ற சொல்லுக்கும் வாச்சாத்தியில் ஜெயித்த சொல்லுக்கும் நடுவில் நம்ம இயக்கங்கள் படிக்க வேண்டிய பாடம் கிடக்கிறது. பெண்கள் சொல்ல எப்போதும் தயாராக இருந்தார்கள். அதை எழுதிக்கொள்ளவும், கூடவே நிற்கவும், விடாமல் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவும் ஆள் வேண்டியிருந்தது.

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் நிலம் ஒதுக்க ஆணை வந்தது. கொடுத்த நிலம் பிறகு யார் யார் கைக்கோ போனது. அதைக் கேட்டுக் காரணையில் நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இன்றைக்கும் நிலமீட்பு என்றால் முதலில் 'அ' பதிவேட்டைத் தேடுகிறோம். தேட வேண்டியதுதான். அதோடு, எந்தக் கெணத்து மேட்டில் தன் மாமியார் கேழ்வரகு விதைத்தாள், எந்தப் பனைமரத்தைத் தாண்டினால் அடுத்தவன் நிலம், எந்த வருசம் எவ்வளவு கடனுக்கு எழுதி வாங்கினான் என்பது ஊர்க் கெழவியின் வாயில் இருக்கிறது. ஆம்பளை பத்திரத்தை நினைவு வைத்திருப்பான். பொம்பளை வரப்பை நினைவு வைத்திருப்பாள். அவள்தானே குனிந்து வேலை செய்தாள்!

'கெழவிக்கு வருசமே தெரியாது, இதை எப்படி ஆதாரமாக்குவது' என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். எங்க ஆயாவுக்கும் வருசம் தெரியாது. பொயலடிச்ச வருசம், ஏரி ஒடைஞ்ச வருசம், ஒங்கப்பனுக்கு அம்மை போட்ட வருசம், நடுவுலவ தண்ணியில போன வருசம் என்றுதான் சொல்லும். புயலுக்கும் ஏரி உடைப்புக்கும் அரசாங்கத்தில் பதிவு இருக்கிறது. ரெண்டையும் பொருத்தினால் வருசம் கிடைத்துவிடும். பொருத்துகிற சிரமத்தை எடுக்க வேண்டியது நாம். நம்ம சோம்பலுக்குக் கெழவியின் மறதியைக் காரணம் காட்டக் கூடாது.

7

சரி, என்ன செய்யலாம்? படிக்கிற மாணவர்களும் இயக்கத்தில் இருப்பவர்களும் செய்யக்கூடியதாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, ஞானத்தைத் தேடிப் போகாதீர்கள். வேலையைக் கேளுங்கள். என்ன வேலை செய்தாய், விடியலில் எத்தனை மணிக்குப் போனாய், கூலி நெல்லா காசா, எந்த மரக்காலில் அளந்தான், பிள்ளையை எங்கே தூளி கட்டிப் போட்டாய், பிள்ளை பெற்று எத்தனாவது நாள் வயலில் இறங்கினாய்? இந்தக் கேள்விகளுக்கு வருகிற பதிலில் அறிவு தானாக வரும். 'உங்கள் வாழ்க்கை அனுபவம் என்ன' என்று கேட்டால் அவள் 'என்னத்தடி அனுபவம்' என்று எழுந்து போய்விடுவாள்.

ரெண்டு, உங்கள் கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். அவள் திட்டியதையும் எழுதுங்கள். பதில் சொல்லாமல் வெத்தலை மடித்துக்கொண்டிருந்தாள் என்றால் அதையும் எழுதுங்கள்.

மூன்று, அவள் பேச்சை இலக்கணத் தமிழுக்கு மாற்றாதீர்கள். 'கருக்கு', 'சங்கதி' வந்தபோது கொச்சை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவள் சொல்கிற 'நெஞ்சாங்குழி', 'கங்குல', 'மேலுக்கு முடியல' இவற்றை மாற்றினால் அவள் உடம்பே மாறிவிடுகிறது. அதே சமயம் கொச்சையை அலங்காரமாகத் தூவுகிற பழக்கமும் இப்போது வந்திருக்கிறது. அவள் சொல்லாததை அவள் வாயில் வைக்கிறது அது.

நாலு, எழுதியதைக் கொண்டுபோய் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். 'இதப் போடாத, எங்கூட்டுப் புள்ளைக்கு அசிங்கம்' என்றால் போடாதீர்கள். 'நானா இப்டி சொன்னேன்' என்று சண்டைக்கு வந்தால் திருத்துங்கள். பெயர் போடச் சம்மதித்தால் ஆசிரியர் இடத்தில் அவள் பெயரைப் போடுங்கள்.

அஞ்சு, வாதாடுங்கள். சாதிச் சண்டையில் பயந்து ஒதுங்கச் சொன்னால், பேத்தியைப் படிக்க அனுப்பாதே என்றால், மருமகள் அடி வாங்கினது சரிதான் என்றால் 'நீ சொல்றது தப்பு ஆயா' என்று சொல்லுங்கள். மரியாதை என்ற பெயரில் வாயை மூடிக்கொண்டு வந்து, பிறகு கட்டுரையில் 'பிற்போக்கு' என்று எழுதுவது துரோகம். நேருக்கு நேர் சொன்னால் அவள் பதில் சொல்வாள். அந்தப் பதிலில்தான் நமக்கு வேண்டியது இருக்கும்.

ஆறாவதாக, நம்ம பத்திரிகைகளுக்கு ஒன்று. தலைவர்கள் பேட்டிக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குகிறோம். மருத்துவச்சிக் கெழவிக்கு ஒரு பெட்டிச் செய்தி. தலித் அழகியலைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டோம். களையெடுக்கும்போது கால் எரிச்சலுக்கு என்ன பண்ணினார்கள் என்று இன்னும் எழுதவில்லை.

வெண்மணி எரிந்தபோது இருபது வயசாக இருந்த பெண் இன்றைக்கு எழுபத்தைந்தைத் தாண்டியிருப்பாள். சாணிப்பாலும் சவுக்கடியும் பார்த்த தஞ்சைப் பண்ணையாள் வீட்டுப் பெண்களில் மிச்சமிருப்பவர்கள் இன்னும் மூத்தவர்கள். 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்துக்காக பாரதி கிருஷ்ணகுமார் வெண்மணியில் பிழைத்தவர்களைப் பேச வைத்தார். அது 2005இல் வந்தது. அப்படி ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவர் இறங்கினால் போதும். பெரிய நிதி வேண்டாம், பல்கலைக்கழக அனுமதி வேண்டாம். கையில் இருக்கிற போனில் பதிவு பண்ண முடியும். அறுவடை முடிந்து வேலை இல்லாத மாசத்தில் போங்கள். ஒரு நாள் போதாது, திரும்பத் திரும்பப் போங்கள். போகும்போது கைவீசிப் போகாதீர்கள், கொஞ்சம் வெத்தலை பாக்கு வாங்கிக்கொண்டு போங்கள்.